பத்தாண்டு கழித்து என்ன? எட்வர்ட் மேசனும் உடற்பருமன் அறுவை ஆய்வும்

உடல் எடையைக் குறைக்க எந்த வழியைப் பிடித்தாலும் முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போகும். உணவுக் கட்டுப்பாடோ, மாத்திரையோ, ஊசியோ, அறுவையோ, தொடக்கத்தில் எடை இறங்கும். உடுப்பு தளரும், பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டில் எடை திரும்பினால் என்ன? ஐந்தாம் ஆண்டில் ரத்தசோகை வந்தால்? பத்தாம் ஆண்டில் அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா? உடற்பருமன் சிகிச்சையை மதிப்பிட இவைதான் சரியான கேள்விகள். ஆனாலும் மருத்துவ உலகம் இவற்றைக் கேட்கப் பழகியது மிக மெதுவாகத்தான்.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன். 1920-இல் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் பிறந்து, 2020 டிசம்பரில் 100 வயதில் மறைந்தவர். 1966-இல் இரைப்பை பைபாஸ் அறுவையை உடற்பருமனுக்காக முதன்முதலில் செய்தவர் என்பதால் ‘உடற்பருமன் அறுவையின் தந்தை’ என்று அவரைக் குறிப்பிடுவார்கள். பட்டம் பொருத்தமானதுதான். ஆனால் அவர் ஆய்வு வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால், அவர் கண்டுபிடித்த அறுவைகளைவிட மேலான ஒன்று தெரிகிறது. தான் செய்த அறுவை நீண்ட காலத்தில் பயன் தருகிறதா என்று எண்ணிப் பார்த்து, தரவில்லை என்றால் அதைத் திருத்தும் துணிவு அது. இன்று எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றிப் பேசும்போதும் நமக்கு வேண்டியது அதே துணிவுதான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

குடலில் தொடங்கிய முயற்சி

உடற்பருமனை அறுவையால் தீர்க்கலாம் என்ற எண்ணம் குடலிலிருந்து தொடங்கியது. உண்ட உணவு சத்தாக மாறி ரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் சிறுகுடலில். நோய் காரணமாகச் சிறுகுடலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தவர்கள் மெலிந்துபோவதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். சிறுகுடலில் உணவு செல்லும் தூரத்தைக் குறைத்தால் எடையும் குறையும் என்று அவர்கள் கருதினார்கள். 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர் குழுவினர் இது தொடர்பாக நாய்களில் செய்த ஆய்வை வெளியிட்டனர். ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற புகழ்பெற்ற அறுவை ஆசிரியர் அங்கே துறைத்தலைவராக இருந்தார். மேசன் தன் முனைவர் பட்டத்தை 1953-இல் பெற்றதும் அதே துறையில்தான்.

1960-களில் கலிஃபோர்னியாவில் பெய்ன், டிவிண்ட் என்ற இருவர் இந்த வழியை மனிதர்களிடம் விரிவாகச் செய்தனர். 1969-இல் அவர்கள் வெளியிட்ட முறைப்படி, சிறுகுடலின் மேற்பகுதியில் 14 அங்குலமும் கடைப்பகுதியில் 4 அங்குலமும் மட்டும் உணவு செல்லும் பாதையில் இருக்கும். இடையிலுள்ள பல அடி நீளக் குடல் பயனின்றி ஒதுங்கிக் கிடக்கும். எடை கண்முன்னே குறைந்தது. விரும்பியதைச் சாப்பிட்டபடியே இளைக்கலாம் என்பதால் அமெரிக்காவில் இந்த அறுவை பரவியது.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கேடுகள் வெளிப்பட்டன. ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், மூட்டுவலி, சத்துக்குறைவு எனப் பட்டியல் நீண்டது. எல்லாவற்றிலும் கொடியது கல்லீரல் செயலிழப்பு. ஒதுக்கப்பட்ட குடலில் கிருமிகள் பெருகியதும், புரதம் போதாமல் போனதும் கல்லீரலைச் சிதைத்தன. சிலர் இறந்தார்கள். பலருக்கு அறுவையைப் பிரித்துக் குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. எடை குறைவதையே வெற்றியின் அளவாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு இத்துறை கண்ட முதல் பெரிய பாடம் இது.

அயோவாவில் பிறந்த பைபாஸ்

மேசன் இரைப்பையைக் கையிலெடுத்தார். அந்தக் காலத்தில் வயிற்றுப்புண்ணுக்கு இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது வழக்கம். அப்படி அறுவை செய்துகொண்ட பெண்கள் எடை கூட முடியாமல் பல ஆண்டுகள் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்தார். புண்ணுக்குச் சிகிச்சை அளித்தவர்கள் அதைப் பக்கவிளைவு என்று எண்ணினார்கள். மேசன் அதில் ஒரு சிகிச்சையைக் கண்டார்.

1966-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து அவர் செய்த அறுவை எளிய அடிப்படை உடையது. இரைப்பையைக் குறுக்காகப் பிரித்து, மேலே சிறு பையை மட்டும் விட்டுவைத்து, அந்தப் பையைச் சிறுகுடலோடு இணைப்பது. கீழே உள்ள பெரிய பகுதியை வெட்டி எடுக்காமல் உடலுக்குள்ளேயே விட்டுவிடலாம். உணவு மட்டும் அதன் வழியே போகாது. ஒரு சந்தேகம் அவர்களை உறுத்தியது. ஒதுக்கிவைத்த இரைப்பை அமிலத்தைச் சுரந்துகொண்டே இருந்தால், இணைப்பில் புண் வருமே? அதனால் அமிலச் சுரப்பை ஆராய்வது தொடக்கத்திலிருந்தே அவர்கள் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. 1967-இலும் 1969-இலும் வெளிவந்த அவர்களது கட்டுரைகளே இன்றைய பைபாஸ் அறுவைகளுக்கு மூலம்.

முதல் வடிவத்தில் குறைகள் இருந்தன. மேல்பை பெரிதாக, 100 மில்லிலிட்டருக்கும் அதிகமாக இருந்ததால் எடைக்குறைவு போதவில்லை. தன் நோயாளிகளின் எடையைத் தொடர்ந்து குறித்து வந்த மேசன், பையின் அளவும் வெளிவாயின் அகலமும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். பையை 50 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருக்கி, வாயையும் குறுக்கினார். 1977-இல் வார்ட் கிரிஃபன் குழுவினர் குடலை ‘ரூ’ முறையில், ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் இணைத்தனர். அதனால் பித்தநீர் பைக்குள் ஏறிவரும் தொல்லை நீங்கியது. 1994-இல் ஆலன் விட்குரோவ் குழுவினர் வயிற்றைத் திறக்காமல் லேப்ராஸ்கோப்பி வழியே இதைச் செய்த அனுபவத்தை வெளியிட்டனர். இன்று ‘ரூ-என்-ஒய் பைபாஸ்’ என்று மருத்துவர்கள் சொல்வது இப்படிப் பலர் கைகளில் உருமாறி வந்த மேசனின் அறுவைதான்.

தன் அறுவையைத் தானே கைவிட்டவர்

தான் கண்டுபிடித்த பைபாஸிலேயே மேசன் நிலைத்துவிடவில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையின் ஆழமான பகுதி. பைபாஸில் உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் போகிறது. இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படுவது முக்கியமாக அங்கேதான். இருபது வயதில் அறுவை செய்துகொள்பவர் அறுபது வயதில் எந்த நிலையில் இருப்பார் என்ற கவலை அவரை விடவில்லை. ஒதுக்கிவைத்த இரைப்பைக்குள் எண்டோஸ்கோப்பி குழாயைச் செலுத்திப் பார்ப்பதும் எளிதல்ல.

அதனால் 1971-இல் கென்னத் பிரின்டனுடன் சேர்ந்து, குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் சுருக்கும் முறையை முயன்றார். அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. தளராமல் 1980-இல் வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தார். இரைப்பையின் மேல்பகுதியில் ஸ்டேப்ளர் தையலால் செங்குத்தாக ஒரு சிறு பையை உருவாக்கி, அதன் வாயைச் சுற்றி 5 செண்டிமீட்டர் சுற்றளவுள்ள செயற்கை வலைப்பட்டை போடும் முறை அது. பை நாளடைவில் விரியாமலும், வாய் நெகிழாமலும் இருக்கவே பட்டை. பையின் கொள்ளளவைக் குறிப்பிட்ட நீரழுத்தத்தில் அளந்த பின்னரே தையல் போட வேண்டும் என்றும் வரையறுத்தார். யார் செய்தாலும் ஒரே அளவில் அமைந்தால்தான் முடிவுகளை ஒப்பிட முடியும் என்பது அவர் எண்ணம். 1980-களில் உலகெங்கும் பரவிய அறுவை இது.

காலம் இதையும் சோதித்தது. 1987-இல் வர்ஜீனியாவில் ஹார்வி சுகர்மன் குழுவினர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பட்டை போடும் முறையையும் பைபாஸையும் ஒப்பிட்டனர். பைபாஸில் எடை அதிகம் குறைந்தது. இனிப்பைக் கைவிட முடியாதவர்களுக்குப் பட்டை முறை சரியாக வேலை செய்யவில்லை. குறுகிய வாய் கெட்டியான உணவைத் தடுத்ததே தவிர, ஐஸ்கிரீமையும் இனிப்புப் பானங்களையும் தடுக்கவில்லை. 2000-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வெளியிட்ட நீண்டகாலக் கணக்கில், பத்தாண்டுகளுக்குப் பிறகு கூடுதல் எடையில் பாதியையாவது இழந்த நிலையில் தொடர்ந்தவர்கள் சுமார் 26 சதவீதம் மட்டுமே. வாந்தியும் நெஞ்செரிச்சலும் பலரை வாட்டின. பட்டை முறை மெல்ல மறைந்து, மேசன் விலகி வந்த பைபாஸ் மீண்டும் முன்னுக்கு வந்தது.

இதைத் தோல்வி என்று சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு அறுவையின் குறை பத்தாண்டுக்குப் பிறகு எண்களில் தெரிகிறது என்றால், அந்த நோயாளிகளை யாரோ பத்தாண்டு விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப் பின்தொடர்வதை இத்துறையின் கடமையாக நிறுவியவர்களில் முன் நின்றவர் மேசனே.

எண்ணிப் பார்ப்பதற்கு ஓர் ஏடு

கணக்கெடுப்பின் மேல் அவருக்கு இருந்த நாட்டம் புதிதல்ல. 1964-இலேயே மருத்துவத்தில் கணினியின் பயன்பாடு குறித்து அவர் ஒரு நூலை வில்லியம் பல்கிரனுடன் இணைந்து எழுதியிருந்தார். 1981-இல் உடற்பருமன் அறுவை பற்றிய பாடநூலை எழுதினார். 1983-இல் இத்துறை மருத்துவர்களுக்கான அமெரிக்கச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். 1986-இல் பல மருத்துவமனைகளில் நடக்கும் அறுவைகளை ஒரே இடத்தில் பதியும் பதிவேட்டை அயோவாவில் தொடங்கினார். யாருக்கு, எந்த வயதில், எந்த எடையில், எந்த அறுவை, பிறகு என்ன ஆனது என்று அதில் சேர்ந்துகொண்டே போனது. பின்னாளில் அது பன்னாட்டுப் பதிவேடாக விரிந்தது.

இந்த வேலையில் மிகக் கடினமானது நோயாளிகளைத் தொலைக்காமல் இருப்பது. எடை குறைந்தவர் மகிழ்ச்சியோடு மறுபரிசோதனைக்கு வருவார். எடை திரும்பியவர் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவார். வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கெடுத்தால் எந்த அறுவையும் வெற்றியாகவே தெரியும். வராதவர்களையும் தேடிப்பிடித்துக் கேட்பதில்தான் ஆய்வின் நேர்மை இருக்கிறது.

1991-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு, பைபாஸையும் மேசனின் பட்டை முறையையும் ஏற்கத்தக்க அறுவைகளாக அறிவித்தது. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் 40-ஐத் தாண்டியவர்களுக்கும், 35-க்கு மேல் இருந்து கடுமையான துணைநோய்கள் உள்ளவர்களுக்கும் அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றது. அதே அறிக்கை வாழ்நாள் முழுதும் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்றும் சொன்னது. முதல் பகுதியை நினைவில் வைத்துக்கொண்ட அளவுக்கு இரண்டாம் பகுதியை மருத்துவமனைகளும் நோயாளிகளும் வைத்துக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம்.

ஸ்வீடன் தந்த சான்று

எடை குறைகிறது, சரி. ஆயுள் கூடுகிறதா? இந்தக் கேள்விக்கு உறுதியான பதிலைத் தந்தது ஸ்வீடன். லார்ஸ் ஸ்யோஸ்ட்ரோம் தலைமையில் 1987-இல் தொடங்கிய ஆய்வில் 4,047 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 2,010 பேர் அறுவை செய்துகொண்டார்கள். வயது, எடை, நோய்கள் போன்றவற்றில் அவர்களை ஒத்த 2,037 பேர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள்.

2007-இல் வந்த முடிவு துறையின் போக்கை மாற்றியது. சராசரியாக 10.9 ஆண்டுகள் தொடர்ந்ததில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 129 பேரும் அறுவை செய்துகொண்டவர்களில் 101 பேரும் இறந்திருந்தார்கள். வேறுபாடுகளைச் சரிசெய்து கணக்கிட்டபோது, இறக்கும் அபாயம் அறுவைக் குழுவில் சுமார் 29 சதவீதம் குறைவு. பத்தாண்டு முடிவில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் தொடக்க எடையில் 25 சதவீதத்தையும், மேசனின் பட்டை முறையில் 16 சதவீதத்தையும், இறுக்கித் தளர்த்தும் வளையப் பட்டையில் 14 சதவீதத்தையும் இழந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்த ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நடந்தது மேசனின் செங்குத்துப் பட்டை முறைதான். பின்னர் கைவிடப்பட்ட அறுவைதான், உடற்பருமன் அறுவை உயிரைக் காக்கிறது என்ற சான்றின் பெரும்பகுதியைச் சுமந்தது. அறிவியலில் ஒரு முறை பழையதாகிப் போனாலும் அதன் மூலம் கிடைத்த உண்மை நிலைத்து நிற்கும்.

2020-இல் அதே ஆய்வின் நீண்டகாலக் கணக்கு வந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் மற்ற குழுவினரைவிடச் சராசரியாக 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனாலும் நாட்டின் பொது மக்களைவிட அவர்களின் ஆயுள் 5.5 ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. அறுவை உதவுகிறது, ஆனால் பல ஆண்டுப் பருமன் உடலில் விட்டுச்சென்ற சேதம் முழுதும் நீங்கிவிடுவதில்லை.

சர்க்கரை நோய் சொன்ன சேதி

இத்துறையின் பெரிய வியப்பு சர்க்கரை நோயிலிருந்து வந்தது. 1995-இல் வட கரோலினாவின் வால்டர் போரிஸ், பைபாஸ் செய்துகொண்ட 608 பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. பெரும்பாலானவர்களுக்கு எடை குறைவதற்கு முன்பே, அறுவை நடந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கியது. அப்படியானால் எடைக்குறைவுக்கு அப்பால் வேறு ஏதோ நடக்கிறது.

2002-இல் டேவிட் கம்மிங்ஸ் குழுவினர், இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பைபாஸுக்குப் பிறகு மிகக் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். 2004-இல் ஃபிரான்செஸ்கோ ருபினோ, பருமன் இல்லாத சர்க்கரை நோய் எலிகளில் முன்சிறுகுடலைத் தவிர்க்கும் அறுவை செய்து சர்க்கரை குறைவதைக் கண்டார். உணவு விரைந்து கடைச்சிறுகுடலை அடையும்போது ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் பல மடங்கு சுரப்பதும் தெரிந்தது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது, மூளையில் பசியைத் தணிக்கிறது. 2012-இல் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த குலுக்கல் முறை ஆய்வுகள், சர்க்கரைக் கட்டுப்பாட்டில் மருந்துகளைவிட அறுவை மேலானது என்று உறுதி செய்தன. அமெரிக்க ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் மருந்துக் குழுவில் 5 சதவீதம், பைபாஸில் 29 சதவீதம், இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குறைக்கும் ஸ்லீவ் முறையில் 23 சதவீதம்.

எல்லாம் ஹார்மோனால்தான் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. 2020-இல் செயின்ட் லூயிஸில் சாமுவேல் கிளைன் குழுவினர், பைபாஸால் 18 சதவீத எடை இழந்தவர்களையும் உணவுக் கட்டுப்பாட்டால் அதே அளவு இழந்தவர்களையும் ஒப்பிட்டனர். வளர்சிதை மாற்ற நன்மைகள் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. எடைக்குறைவின் பங்கை எளிதாக ஒதுக்க முடியாது என்பது இதன் பொருள். ஆனால் அவ்வளவு எடையை உணவுக் கட்டுப்பாட்டால் குறைத்து, அப்படியே தக்கவைப்பது ஏன் இத்தனை அரிது? 2011-இல் மெல்போர்னில் நடந்த ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களின் உடலில், ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தே இருந்தன. நிறைவைத் தரும் ஹார்மோன்கள் தாழ்ந்தே இருந்தன. இழந்த எடையை மீட்கவே உடல் போராடுகிறது.

உடற்பருமன் உள்ளவரை வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்று பழிக்கும் வழக்கத்துக்கு எதிரான வலுவான சான்று இது. இரைப்பையின் வழியை மாற்றினால் ஒரு மனிதரின் பசியே மாறுகிறது என்றால், அந்தப் பசி அவரது குணக்குறை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

மேசனின் சிந்தனையும் இதே திசையில் நகர்ந்தது. இரைப்பையின் கொள்ளளவைச் சுருக்குவதில் தொடங்கியவர், 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் பற்றிப் பேசினார். கடைச்சிறுகுடலின் ஒரு துண்டை இடம் மாற்றி மேலே வைத்தால், உணவு விரைவில் அதைத் தொட்டு இந்த ஹார்மோன் சுரக்கும், பருமனுக்கும் ஒருவேளை சர்க்கரை நோய்க்கும் அது பயன்படலாம் என்று அவர் கருதினார். அப்போது அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் தொடங்கிவைத்த சங்கமும் 2007-இல் தன் பெயரில் வளர்சிதை மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டது.

அறுவையின் விலை

உடற்பருமன் அறுவை பாதுகாப்பானதா? 2009-இல் வெளிவந்த அமெரிக்கப் பன்மருத்துவமனை ஆய்வில், 4,776 பேரில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். பயிற்சி பெற்ற குழுவிடம் செய்துகொண்டால், வழக்கமான மற்ற பெரிய வயிற்று அறுவைகளைவிட இது அஞ்சத்தக்க அளவு அதிகமானதல்ல. ஆனால் தையல் கசிவு, ரத்தக்குழாயில் உறைவு, உள்ளே குடல் மாட்டிக்கொள்வது போன்ற ஆபத்துகள் உண்மையானவை.

நீண்டகாலக் கவனம் இன்னும் பெரியது. பைபாஸுக்குப் பிறகு இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்குத் தயமின் குறைந்தால் நரம்புகளும் மூளையும் பாதிக்கப்படும். எலும்பு மெலியும். விரைந்து இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கற்கள் வரும். பைபாஸ் செய்தவர்களுக்கு மது வேகமாக ஏறும், மதுப்பழக்கம் வலுப்படும் அபாயமும் உண்டு. 2007-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 7,925 அறுவை நோயாளிகளை அதே எண்ணிக்கையிலான மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வில், நோயால் இறப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. சர்க்கரை நோயால் இறப்பது மட்டும் 92 சதவீதம் குறைவு. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற காரணங்களால் நேர்ந்த இறப்பு 58 சதவீதம் கூடுதல். உடலைத் திருத்தியபோது மனத்தை யார் கவனித்தார்கள் என்ற கேள்வியை இந்த எண் எழுப்புகிறது. அறுவைக்குப் பிறகு மனநல ஆலோசனை கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்று உலகில் மிக அதிகம் நடப்பது ஸ்லீவ் அறுவை. இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்து, வாழைப்பழம் போன்ற வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கும் முறை. இரண்டு கட்டமாகச் செய்யும் பெரிய அறுவையின் முதல் கட்டமாகப் பிறந்து, தனியாகவே எடை குறைப்பதால் நிலைத்துவிட்டது. ஃபின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த ஐந்தாண்டு ஒப்பீடுகளில் எடைக்குறைவு பைபாஸுக்கு அருகில் இருந்தாலும், நெஞ்செரிச்சல் ஸ்லீவில் கூடுதலாகத் தெரிந்தது. இருபது ஆண்டு கழித்து ஸ்லீவ் எப்படி நிற்கும் என்று காலம்தான் சொல்ல வேண்டும்.

ஊசி வந்த பின்

அறுவையால் கூடிய ஜிஎல்பி-1 ஹார்மோனை மருந்தாகக் கொடுக்க முடியுமா? உடலில் அது சில நிமிடங்களில் சிதைந்துபோகும். வாரம் ஒருமுறை போட்டால் போதும்படி மாற்றியமைத்த மருந்துகள் இன்று வந்துவிட்டன. 2021-இல் வெளியான ஆய்வில் செமாக்ளுடைட் ஊசி 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. 2022-இல் டிர்ஸெபடைட் அதன் உச்ச அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதத்தைக் குறைத்தது. அறுவைக்கு அருகில் மருந்து வருவது வரலாற்றில் இதுவே முதல் முறை. 2023-இல் வெளியான 17,604 பேர் கொண்ட ஆய்வில், இதயநோய் உள்ளவர்களுக்குச் செமாக்ளுடைட், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் ஒட்டுமொத்த அபாயத்தை 20 சதவீதம் குறைத்தது.

இந்த மருந்துகளை நான் வரவேற்கிறேன். அறுவைக்கு அஞ்சி, நோயோடு பல ஆண்டுகள் கழித்தவர்களுக்கு இவை வாழ்க்கை. ஆனால் மேசனின் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். செமாக்ளுடைட் ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அப்படியென்றால் இது வாழ்நாள் சிகிச்சை. வாழ்நாள் முழுதும் மருந்து வாங்க யாரால் முடியும்? தசை எவ்வளவு குறையும்? அறுவைக்கு 30 ஆண்டுச் சான்று இருக்கிறது, பருமனுக்கான இந்த ஊசிகளுக்கு அது இனிமேல்தான் சேர வேண்டும். அறுவையா மருந்தா என்று போட்டி வைப்பதைவிட, யாருக்கு எது, எந்த வரிசையில் என்று தீர்மானிப்பதே அறிவு. கடும் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவருக்கு அறுவை முதன்மையாக இருக்கலாம். மிதமான பருமன் உள்ளவருக்கு மருந்து போதலாம். அறுவைக்குப் பிறகு எடை திரும்பினால் மருந்து கைகொடுக்கலாம்.

நம் ஊருக்கு என்ன பொருள்?

தெற்காசியர்களுக்கு உடல் நிறை எண் குறைவாக இருக்கும்போதே சர்க்கரை நோய் வருவது தெரிந்ததே. அதனால் 2022-இல் அமெரிக்கச் சங்கமும் உடற்பருமன் அறுவைக்கான பன்னாட்டு அமைப்பும் திருத்திய வழிகாட்டுதல், 1991-இன் வரம்பைத் தளர்த்தியதோடு, ஆசியர்களுக்கு 27.5 என்ற குறைந்த எண்ணிலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் மிகை எடையோடு அல்லது பருமனோடு இருக்கிறார்கள். இந்தியச் சராசரியைவிட இது மிக அதிகம். அவர்களில் எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. ஆனால் வேண்டியவர்களுக்கு அது அழகுச் சிகிச்சையாகவோ, விளம்பரப் பலகையில் வரும் முன்பின் படங்களாகவோ போய்ச் சேரக் கூடாது.

அறுவையோ ஊசியோ செய்துகொள்ளப் போகிறவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? ஐந்து ஆண்டு கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று உங்களிடம் கணக்கு இருக்கிறதா? ஆண்டுதோறும் எனக்கு எந்த ரத்தப் பரிசோதனைகள் வேண்டும்? உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும் உங்கள் குழுவில் இருக்கிறார்களா? எடை திரும்பினால் என்ன செய்வீர்கள்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரே நம்பத் தகுந்தவர். அரிசியும் மாவுப்பண்டமும் முதன்மையாக இருக்கும் நம் உணவில் அறுவைக்குப் பிறகு போதிய புரதத்தைச் சேர்ப்பது எப்படி என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

தனிமனிதரின் கேள்விகளோடு இது நின்றுவிடவும் கூடாது. அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், ஊசி எழுதித் தரும் ஒவ்வொரு மருத்துவரும் நோயாளியின் முடிவுகளைப் பத்தாண்டு வரை பதிய வேண்டும். வராமல் போனவரைத் தேடிக் கேட்க வேண்டும். அந்தக் கணக்குகள் ஓரிடத்தில் சேர்ந்து, மக்கள் பார்க்கும்படி வெளியாக வேண்டும். அரசு காப்பீட்டுத் திட்டங்களில் உடற்பருமன் சிகிச்சை சேரும்போது, அறுவைக் கட்டணத்தோடு பின்தொடர் கண்காணிப்புக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். செலவு கூடும் என்று தயங்குபவர்கள், கவனிக்கப்படாத சத்துக்குறைவுக்கும் திரும்பி வந்த சர்க்கரை நோய்க்கும் ஆகும் செலவை எண்ணிப் பார்க்கட்டும்.

தன் அறுவையின் குறையைத் தன் நோயாளிகளின் எண்களே காட்டட்டும் என்று இடம் கொடுத்த ஒரு மருத்துவரால் இத்துறை உருவானது. அவர் வரைந்த அறுவைகளில் ஒன்று வடிவம் மாறி நிலைத்தது, மற்றொன்று மறைந்தது. அவர் தொடங்கிய கணக்கெடுப்பு மட்டும் எந்தச் சிகிச்சைக்கும் பொருந்தி நிற்கிறது. புதிய மருந்தோ புதிய அறுவையோ நம் ஊருக்கு வரும்போது, பத்தாண்டு கழித்து என்ன என்று கேட்பதும், அதற்குப் பதில் தரும் கணக்கைக் கட்டாயமாக்குவதும் நோயாளிகளுக்கு நாம் செய்ய வேண்டிய முதல் கடமை.